முதலைவாய்ப் பிள்ளையும் மைனர் சொத்துப் பரிபாலனமும்

கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசியிலே சுந்தரமூர்த்தி சுவாமிகள் நிகழ்த்தியருளிய அற்புதத்தைச் சைவநன்மக்கள் யாவரும் அறிவர். சுவாமிகள் அவ்வூர் வீதியிற் செல்லும்பொழுது ஒரு மனையில் மங்கல ஒலியும் அதன் எதிர்மனையில் அழுகை ஒலியும் கேட்டன. ஒத்த வயதினராகிய இரு சிறார் முன்னொரு நாள் மடுவில் நீராடப் போக, ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு அன்று பூணூற்கலியாணம். சுவாமிகள் அம்மடுவின் கரையை அடைந்து திருப்பதிகம் ஓத, முதலை அப்பிள்ளையைக் கொணர்ந்து கரையில் உமிழ்ந்தது. இவ்வரலாற்றில் சேக்கிழார் பெருமான் கூறும் ஒரு நுட்பம் நாம் ஊன்றிக் கருதற்பாலது. மீண்ட பிள்ளை விழுங்கப்பட்ட நாளில் இருந்த சிற்றுருவோடு வந்திலன். இடையிற் கழிந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சி முழுவதும் பெற்றே வந்தான். பறிபோனது மீண்டது மட்டுமன்று, வளர வேண்டிய அளவு வளர்ந்தும் மீண்டது என்பது கருத்து.

பிறர் பொருளைக் காக்கும் கடமைக்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை எனலாம். தந்தையை இழந்த சிறுவனுடைய சொத்தும், அறிவு தடுமாறியவருடைய சொத்தும் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும்பொழுது, அவர் அதனை அழியாது வைத்திருந்தார் என்பது பாதிக் கடமையே. உரியவர் கையில் சேரும் நாளில் அது வளர்ச்சியோடு சேர வேண்டும். உரியவரும் வளர்ந்திருத்தல் வேண்டும். கொங்கு மண்டலத்தில் இக்கடமை பங்காளிகள் கையிலிருந்து கலெக்டர் கையிற் சென்று, பின்னர் ஜில்லாக் கோர்ட்டின் ஆளுகைக்கு வந்த வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவாம்.

சிறார் பொருளைக் காத்தல் அரசன் கடன் என்பது பழைய நூற்றுணிபு. சிறுவன் குருகுலத்தினின்று மீளும் வரையிலோ இளமை நீங்கும் வரையிலோ அவன் பொருளை அரசன் காக்க வேண்டும் என மனு நூல் விதிக்கின்றது. கௌடிலீயமோ இன்னும் ஒரு படி மேற்சென்று, சிறாருடைய பொருளை அவர்கள் வயது வரும் வரையில் ஊர்ப் பெரியோர் வளர்த்தல் வேண்டும் என்றும், தேவர் பொருளையும் அங்ஙனமே வளர்த்தல் வேண்டும் என்றும் கூறும். 'காத்தல்' என்னாது 'வளர்த்தல்' என்றமையும், சிறாரையும் தேவரையும் ஒருங்கு வைத்தமையும் கருதத்தக்கன. இவ்விரண்டும் இக்கட்டுரையின் இறுதி வரையில் நம்முடன் வருவன.

நூல் விதித்தபடி உலகம் நடந்ததில்லை. கொங்கு நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வரும் அண்ணன்மார் கதையே இதற்குச் சான்று. பொன்னர் சங்கரின் தந்தையாகிய குன்றுடையான் இளமையிலே தாய் தந்தையரை இழக்கின்றான். காக்க வேண்டிய பங்காளிகளே அவனைத் துன்புறுத்தி நிலத்தைக் கவர்ந்துகொள்ள, அவன் ஊரைவிட்டு ஓடி, அயலூரிற் கால்நடை மேய்த்து வளர்கின்றான். பின்னர்த் தாமரையை மணந்து, தன் மண்ணுக்கு மீண்டு, பெரும்பாடுபட்டே உரிமையைப் பெறுகின்றான். அடுத்த தலைமுறையில் நிகழும் போரும் அழிவும் இப்பங்காளிப் பகையிலிருந்தே கிளைக்கின்றன. சிறுவன் இறந்தால் எவனுக்குச் சொத்துச் சேருமோ, அவன் கையிலே சிறுவனை ஒப்படைத்தலாகாது என்னும் உண்மையைச் சட்டம் எழுதப்படுமுன்னரே இக்கதை உணர்த்திற்று.

இதற்கு மாறாகத் தன்னலம் சிறிதுமில்லாத காப்புக்கு இலக்கணமாய் நின்றவர் திலகவதியார். திருவாமூரிலே தந்தையார் புகழனாரும் தாயார் மாதினியாரும் மறைந்தனர். மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பியார் மருணீக்கியார் அடிவீழ்ந்து இரங்கியமையால், அவர் பொருட்டே உயிர் தாங்கினார். அவர் காத்தது நிலத்தையன்று, தம்பியையே. அக்காப்பின் விளைவாகவே உலகம் திருநாவுக்கரசு சுவாமிகளைப் பெற்றது. அம்மையார்தம் வரலாற்றை மனத்திற்கொண்டு, பிற்காலச் சட்டங்கள் பெண்மக்களை எவ்விடத்தில் வைத்தன என்பதை அன்பர்கள் கவனிப்பாராக.

1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடு கும்பினியார் வசமாயிற்று. 1804-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைத் தலைநகராகக் கொண்டு ஜில்லா அமைந்தது. அதே ஆண்டில்தான் சென்னை அரசாங்கத்தார் 5-ஆவது ரெகுலேஷன் என்னும் சட்டத்தால் 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்னும் காவல் மன்றத்தை ஏற்படுத்தினர். பெயரிற் கோர்ட் என்றிருப்பினும் அது வழக்குத் தீர்க்கும் நீதிமன்றமன்று. 1786-இல் தோன்றிய ரெவின்யூ போர்டாரே அம்மன்றத்தார். ஜில்லாக் கலெக்டரே அவர்தம் முகவர். சர்க்காருக்கு நேரே வரி செலுத்தும் நிலக்கிழமை ஒரு சிறுவனுக்கோ, சித்த சுவாதீனம் இல்லாதவருக்கோ, பரிபாலிக்கத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட பெண்பாலாருக்கோ உரியதாயின், அதனை இம்மன்றம் தன் காவலில் ஏற்கும். வரி நிலுவையால் ஜமீன் ஏலம் போகாமலும், சர்க்கார் வருமானம் குன்றாமலும் இருத்தல் இதன் நோக்கங்களுள் ஒன்று. அறமும் வருவாயும் இதிற் கலந்தே நின்றன.

கொங்கு நாட்டில் இம்மன்றத்தின் ஆட்சி பரந்ததன்று. கோயம்புத்தூர் ஜில்லாவின் நிலம் பெரும்பாலும் ரயத்துவாரி முறையில் உழவரிடமே நேரே பட்டாவில் இருந்தது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம், இராமபட்டணம், மெட்ராத்தி, துங்காவி முதலிய பாளையங்களும், சேலம் பகுதியில் மிட்டாக்களும் இருந்தன. பாளையம் பெரும்பாலும் பங்கிடப்படாது மூத்த மகன் ஒருவனையே சேர்வதாதலின், அவன் சிறுவனாயின் முழு உடைமையும் ஒரு குழந்தையின் தலையிலே நிற்கும். காவல் மன்றம் வேண்டப்பட்டது இத்தகைய இடங்களுக்கே. 1902-ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இம்முறையைத் திருத்தி வகுத்தது. சிறார், நீதிமன்றத்தாற் சித்த சுவாதீனம் அற்றவர் எனத் தீர்க்கப்பட்டோர், உடலாலோ உள்ளத்தாலோ இயலாதோர், தகுதியற்றவர் என அரசாங்கத்தார் அறிவித்த பெண்மக்கள் ஆகியோர் அதனுள் அடங்கினர். திலகவதியாரைப் பெற்ற தமிழகத்தில், பெண் என்பதும் தகுதியின்மைக்குரிய ஒரு வகுப்பாக ஏட்டில் ஏறியது இங்ஙனம்.

சாதாரண உழவர் வீட்டுச் சிறுவனுக்கு இம்மன்றம் எட்டாது. கூட்டுக் குடும்பமாயின் குடும்பத் தலைவரே அவன் பாகத்தையும் நடத்துவர். பிரிந்த குடும்பத்தில் தந்தை இறந்து சண்டை நேருமாயின், உறவினர் ஜில்லாக் கோர்ட்டை நாடுவர். இதற்குரிய சட்டம் 1890-ஆம் ஆண்டின் 8-ஆவது சட்டம். அஃது இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகள் சிலவற்றை அறிந்துகொள்ளுதல் எவர்க்கும் பயன்படும். காப்பாளரைத் தேர்வதற்குச் சிறுவனுடைய நலமே அடிப்படை. அவன் வயது, சமயம், காப்பாளரின் ஒழுக்கம், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் ஆகியன நோக்கப்படும். அறியும் பருவத்தனாயின் சிறுவனுடைய விருப்பமும் கேட்கப்படலாம். காப்பாளர் தம் பதவியால் ஊதியம் தேடலாகாது. அறிவுடைய ஒருவன் தன் பொருளை எவ்வளவு கருத்தோடு பேணுவானோ அவ்வளவு கருத்தோடு பேணல் வேண்டும். கோர்ட்டாரின் முன்னனுமதியின்றி நிலத்தை விற்றல், ஈடு வைத்தல், கொடையளித்தல், மாற்றிக்கொள்ளல் கூடா. 5 ஆண்டுக்கு மேலோ, சிறுவன் வயது வந்தபின் ஓராண்டுக்கு மேலோ நீளும் குத்தகையும் விடலாகாது. அவசியமோ வெளிப்படையான நன்மையோ இருந்தாலன்றி அவ்வனுமதி கிடையாது. கோர்ட்டார் கேட்பின் ஜாமீன் பத்திரம் எழுதித் தருதலும், 6 மாதத்திற்குள் நிலம், பணம், பண்டம், கடன் யாவற்றுக்கும் விவரப் பட்டியல் கொடுத்தலும், கணக்குக் காட்டுதலும் காப்பாளர் கடமை.

சித்தம் கலங்கியோர் திறத்தில் 1858-ஆம் ஆண்டிலும் பின்னர் 1912-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் எழுந்தன. ஜில்லாக் கோர்ட்டு விசாரித்து, ஒருவர் தம் காரியத்தைத் தாமே நடத்த இயலாதவர் எனக் கண்டால், சொத்துக்கு ஒரு மானேஜரை நியமிக்கும். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல வரம்பு கட்டிற்று. நோயாளியின் சொத்துக்கு அடுத்த உரிமையாளராய் இருப்பவரை அவருடைய உடற்காவலுக்கு நியமித்தலாகாது. நோயாளிக்கு அதுவே நன்மை எனக் கோர்ட்டார் கருதினாற் காரணத்தை எழுத்தில் வைத்தே நியமித்தல் வேண்டும். குன்றுடையான் கதை கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டார்க்கு இவ்விதியின் காரணத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நிலம் காக்கப்பட்டது, நிலத்துக்குரிய சிறுவன் என்னவாயினன் என்பது அடுத்த வினா. ஜமீன் சிறார் கல்வி பயிலச் சென்னை தேனாம்பேட்டையில் 'நியூயிங்டன்' என்னும் விடுதிப் பள்ளி நடைபெற்றது. கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டுக்கு அணித்தாகிய குமாரமங்கலம் ஜமீனில் 1889-இல் தோன்றிய டாக்டர் ப. சுப்பராயன் பயின்றது அப்பள்ளியிலேதான். பின்னர் இராசதானிக் கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்று, 1926 முதல் 1930 வரையிற் சென்னை மாகாண முதல் மந்திரியாக விளங்கினார். இது நல்விளைவு. அப்பள்ளியிலேயே 1919-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் தலைவர் தே லா ஹே என்னும் ஆங்கிலேயர் இரவிற் சுட்டுக் கொல்லப்பட்டமையும், அங்குப் பயின்ற ஜமீன் சிறார் அவ்வழக்கிற் சிக்கியமையும் உண்டு. தாய் வீட்டையும் ஊரையும் பிரித்துச் சிறாரை ஓரிடத்தில் அடைத்து வைத்தல் மட்டுமே வளர்ப்பு ஆகாது என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இதனை இன்னும் தெளிவாகக் காணக் கொங்கு நாட்டைக் கடந்து சேது நாட்டை நோக்குதல் வேண்டும். தமிழகத்துக் காவல் மன்ற வரலாற்றிற் பேர்போனது இராமநாதபுரம். 1873-இல் முத்துராமலிங்க சேதுபதி மறைந்தபோது மகனார் பாஸ்கர சேதுபதிக்கு வயது 5. 1889-ஆம் ஆண்டு வரையில் 16 ஆண்டு சமஸ்தானம் மன்றத்தின் காவலில் இருந்தது. மன்னர்க்கு ஆங்கிலக் கல்வி நன்கு புகட்டப்பட்டது. 1889 ஏப்ரலிற் பட்டமெய்திய சேதுபதி, புலவரைப் போற்றினார். கோயில்களுக்கு வாரி வழங்கினார். 1893-இல் விவேகானந்த சுவாமிகளின் அமெரிக்க யாத்திரைக்குத் துணைநின்றார். ஆயினும் சில ஆண்டுகளுக்குள்ளே பெருங்கடனில் ஆழ்ந்தார். 1903-இல் இளவயதிலேயே மறைந்தார். வள்ளன்மையைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. 16 ஆண்டு தம் சொத்தின் வரவு செலவைப் பிறர் நடத்தக் கண்டிருந்தவர், பட்டமெய்திய ஒரு நாளில் யாவற்றையும் தாமே நடத்தும் நிலைக்கு வந்தார். சொத்து வளர்க்கப்பட்டது, சொத்தை ஆளும் திறன் அதனோடு வளர்க்கப்பட்டதோ என்பதே வினா.

ஈண்டுச் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் நினைவுக்கு வருதல் இயல்பே. வேடர் சேரியில் தன்னை மறந்து வளர்ந்த அரசகுமாரனுக்கு அவன் அரசகுமாரன் என்பதை உணர்த்துதல்போல, ஐம்புலன்களிடையே அயர்ந்த உயிர்க்குக் குரு தன் நிலையை உணர்த்துகின்றார் என்பது ஆண்டுக் கூறப்படும் உவமை. அரசகுமாரனுக்கு உணவும் உடையும் அளித்தார் பலர். 'நீ இன்னான்' என உணர்த்தியவனே அவனை மீட்டவன். காப்பாளர் செயலும் அங்ஙனமே. பட்டியலும் கணக்கும் பெட்டியிற் பூட்டி வைத்து வயது வந்த நாளில் நீட்டுதல் போதாது. ஆண்டுதோறும் அக்கணக்கைச் சிறுவனுக்குக் காட்டி, இஃது உன்னது, இதற்கு நீயே பொறுப்பு என உணர்த்தி வருதல் வேண்டும்.

இனிச் சைவர் சிறப்பாகக் கருதற்குரிய பகுதிக்கு வருவாம். கௌடிலீயம் ஒருங்கு வைத்த இரண்டனுள் தேவர் பொருள் எஞ்சி நின்றது. 1804-இற் சிறார் சொத்தை ஏற்ற அதே ரெவின்யூ போர்டார், 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ரெகுலேஷனால் கோயில், சத்திரம் முதலியவற்றின் மானியங்களுக்கும் மேற்பார்வையாளர் ஆயினர். ஒரே சாவடியில் அநாதைச் சிறுவன் கணக்கும் ஆலயக் கணக்கும் பார்க்கப்பட்டன. பின்னர்க் கும்பினியார் கோயிற் பொறுப்பினின்று விலகினர். 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலகலை முடித்து வைத்தது. மறுபடியும் 1925, 1927-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இந்து அறநிலைய போர்டும், 1951, 1959-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அறநிலையத் துறையும் அமைந்தன. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது முதல் மந்திரியாய் இருந்தவர், நியூயிங்டனிற் பயின்ற அச்சுப்பராயனே என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நீதிமன்றங்களும் இவ்வொப்புமையை ஏற்றன. அநுமான் பிரசாத் பாண்டே வழக்கில் 1856-ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சிலார், சிறுவன் சொத்தைக் காப்பாளர் ஈடு வைத்தற்கு அவசியமோ சொத்துக்கு நன்மையோ இருத்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். 1875-இல் அதே விதியைத் தேவர் சொத்தை நடத்துவோர்க்கும் பொருத்தினர். 1967-இல் நம் நாட்டு உச்சநீதிமன்றம், மூர்த்தி சிறார் நிலையில் வைக்கப்பட்டிருத்தலின், நடத்துவோர் கடமை தவறினால் வழிபடுவோரும் மூர்த்தியின் சார்பில் வழக்கிடலாம் என்றது. மும்மலமும் அற்று, யாவற்றையும் யாவரையும் காக்கும் பதியை மைனர் என்பது சித்தாந்தத்துக்கு ஒவ்வாதே எனச் சிலர் வருந்துவர். வருந்த வேண்டுவதில்லை. சிறாரென்றது இறைவனையன்று, கோர்ட்டில் தம் வாயால் வழக்குரையாத மூர்த்தியின் சொத்துரிமையையே. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. சிறுவன் வயது வந்து கணக்குக் கேட்பான், மூர்த்தி கேளார். ஆதலாற் கேட்கும் கடமை அடியார் மேலது. 'சிவன் சொத்துக் குலநாசம்' என்னும் பழமொழி அக்கணக்கு எங்கே கேட்கப்படும் என்பதைச் சொல்லும்.

பழைய அமைப்புக்கள் பல மறைந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. 1980-இல் தமிழ்நாட்டு ரெவின்யூ போர்டும் கலைக்கப்பட்டது. காவல் மன்றத்தின் கீழும் கோர்ட்டுக் காப்பாளர் கீழும் இருப்போர்க்கு மட்டும் 21 ஆக இருந்த வயதெல்லை, 1999-இல் ஏனையோர்க்குப் போல 18 ஆயிற்று. அதே ஆண்டிற் பிறந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், மூளை முடக்கம், மதியிறுக்கம் முதலிய குறையுடையோர்க்குச் சட்டக் காப்பாளரை நியமிக்க ஜில்லா தோறும் ஒரு குழு வகுத்தது. அதிலும் கலெக்டர் அமர்கின்றார். அதிலும் 6 மாதத்திற்குள் சொத்துப் பட்டியல் கொடுத்தல் வேண்டும். மனநோயாளர் சொத்துப் பரிபாலனத்துக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த விதிகள் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. நினைவிழந்து கிடப்போர்க்கெனத் தனிச் சட்டமும் இல்லாமையால், அவர்தம் குடும்பத்தார் உயர்நீதிமன்றங்களை நாடுகின்றனர். 2024-ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய ஒருவருக்கு அவர் மனைவியையே காப்பாளராக நியமித்து, விற்கும் சொத்தின் தொகையில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் வைப்பாக இடுமாறு பணித்தது. தகுதியற்றோர் வரிசையில் ஒருகாலத்து வைக்கப்பட்ட பெண்மக்கள், காப்பாளராகத் திலகவதியார் இருந்த இடத்துக்கு மீண்டனர்.

கொங்கு நாட்டில் இன்றும் தோட்டமும் துரவும் சிறார் பெயரில் நிற்கும் வீடுகள் உள. ஆண்டுகளை உணராது படுத்திருக்கும் பெரியோருடைய பட்டாவை வைத்திருப்போர் உளர். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோரும் அதனை நடத்துவோரும் உளர். இவர்கள் கையிலிருப்பது பிறர் பொருள். கோர்ட்டார் கேட்கும் பட்டியல் 6 மாதத்தில் முடிந்துவிடும். காலம் கேட்கும் கணக்கு அங்ஙனம் முடிவதன்று. அவிநாசி மடுவில் முதலையும் தான் விழுங்கியதைக் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு திருப்பித் தந்தது. பிறர் பொருளைத் தம் கையில் வைத்திருக்கும் மக்கள் அதனினும் குறைந்து நிற்றல் தகுமோ?